அண்ணாச்சி விற்ற டிக்கெட்

தென்காசியில் கல்லூரிக் கால்பந்து இறுதிப்போட்டி. எங்கள் கல்லூரி முதன்முறையாக ஃபைனலுக்கு வந்திருந்தது. எனக்கோ டிக்கெட் கிடைக்கவில்லை. சாரலில் நனைந்தபடி வாசலில் அலைந்தபோது, ஒருவர் டிக்கெட்டை நீட்டினார். சட்டையில் எலுமிச்சை வாசனை; புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருப்பார் போல.

"பிளாக்குல எவ்வளவு அண்ணாச்சி?" என்றேன் எகத்தாளமாக.

"அதுல போட்டிருக்க விலைய குடுங்க, போதும்."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "கள்ள டிக்கெட்டா? போலீஸக் கூப்பிடவா?" என்று எல்லோர் முன்னும் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "எதிர் டீம் கோல்கீப்பர் என் மவன் தம்பி. நான் பாத்தா அவனுக்குக் கை உதறுது. அதான் வெளிய நிக்கேன்."

காசைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் கடைசி உதை. கோல் விழுந்தால்தான் பிழைப்போம். கேலரி உச்சியில் மூச்சுவிடாமல் நின்றேன். பந்து பறந்தது. அந்தப் பையன் பாய்ந்து பிடித்துவிட்டான்!

எங்கள் கூட்டமே தலையில் கைவைத்தது. நானோ திரும்பி, சுவருக்கு வெளியே முதுகு காட்டி நின்றவரைப் பார்த்து அலறினேன்: "அண்ணாச்சி! உங்க மவன் புடிச்சிட்டான்! ஜெயிச்சாச்சு!"

"ஏலே, நீ எந்த காலேஜ்?" என்று பக்கத்தில் நின்ற நண்பன் என் சட்டையைப் பிடித்தான்.

வாசலில் கேட்காமல் விட்டுவந்த மன்னிப்பைத்தான் அப்படி ஊரே கேட்கக் கத்தியிருந்தேன்.