மஞ்சள் தண்ணி பட்ட கம்ப்யூட்டர்

மூணாங்கிளாஸோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் ஒற்றை மாட்டு வண்டியை ரெண்டு லாரியாக்கினேன். லாரி ஓட்டி நாமக்கல் பக்கத்தில் கோழித் தீவன மில் கட்டினேன். எங்கள் வட்டாரத்து மில்லில் முதல் கம்ப்யூட்டரை இறக்கியவனும் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அது வந்த வருஷம், எண்பதுகளின் கடைசியில், ஆயுத பூஜை அன்று நடந்தது இது. கம்ப்யூட்டர் எரிந்துபோனால் இன்னொன்று வாங்க எனக்கு வக்கில்லை. அதைப் பார்த்துக்கொள்ள, சூரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தேன். "பொட்டப்புள்ளைகிட்டப் போயி மெஷினைக் குடுத்தீங்களே" என்று என் மச்சினன் முதல் நாளிலிருந்தே முணுமுணுப்பான்.

அன்றைக்கு மில் மேஸ்திரி ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணி தெளித்து வந்தார். கம்ப்யூட்டர் புதுசாச்சே, அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்துவிட்டார்.

பூஜை முடிந்ததும் எல்லா மெஷினையும் ஒரு தரம் ஓட்டி நிறுத்த வேண்டும். எது ஓடவில்லையோ அது வருஷம் பூரா விளங்காது என்பார்கள். அரவை மெஷின் ஓடியது. லாரிகள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கின. கடைசியாகக் கம்ப்யூட்டர். மச்சினன் சுவிட்சுக்குக் கை நீட்டினான். அந்தப் பெண் குறுக்கே வந்து சுவிட்சைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க, உள்ள தண்ணி போயிருக்குங்க."

"நல்ல நாளும் அதுவுமா ஓடக்கூடாதுங்கறயா? நவுரு. இல்லாட்டி நாளைலருந்து வராதே" என்றான் மச்சினன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. தகப்பன் இல்லாத குடும்பம், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. கற்பூரம் எரிகிறது, மில் ஆட்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "கெணத்து மோட்டார் நனைஞ்சா, காயாம சுவிட்ச் போடுவீங்களாங்க ஐயா? இதும் அப்படித்தானுங்க."

அது எனக்குப் புரிகிற பேச்சு.

"போட வேண்டாம்" என்றேன்.

"மாமா, இத்தனை பேர் முன்னால மானம் போகுது."

"போனாப் போகுது. நீ கழட்டு சாமி" என்றேன் அவளிடம்.

திருப்புளியால் மூடியைக் கழற்றினாள். கரண்டு வந்து சேரும் இடத்தை ஒட்டி மஞ்சள் தண்ணி தேங்கி நின்றது. மச்சினன் வெளியே போய்விட்டான். நன்றாகக் காயவைத்து, மறுநாள் சாயங்காலம் அவளே போட்டாள். ஓடியது.

கம்ப்யூட்டர் வேலைக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று இப்போது பெரிசாகப் பட்டியல் போடுகிறார்கள். மெஷின் தெரிந்தால் மட்டும் ஆகாது. எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லவும் வேண்டும், மிரட்டினால் நகராமல் நிற்கவும் வேண்டும். அவளைப் பற்றி எழுதுகிறவர்கள், அவள் சொன்னதைக் கேட்ட முதலாளியையும் ஒரு வரி சேர்த்து எழுதத்தான் வேண்டும்.