ஷார்ஜாவில் இருந்த இரண்டாவது சாவி

இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாத காட்சி ஒன்று உண்டு. பலசரக்குக் கடை வாசலில் கார் உறுமிக்கொண்டே நிற்கும். உள்ளே ஆள் இருக்காது. ஏசியின் குளிர் குறைந்துவிடக் கூடாதென்று இன்ஜினை அணைக்காமல், சாவியையும் அப்படியே விட்டுவிட்டுத் தயிர் வாங்கப் போயிருப்பார் மனிதர். ஷார்ஜாவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இன்றும் அப்படி ஒரு காரைக் கண்டால், சொந்தக்காரர் திரும்பும்வரை பக்கத்தில் நின்று காவல் காக்கத் தோன்றும். ஒருமுறை நின்றும் இருக்கிறேன். வெளியே வந்த அரபி என்னைப் பிச்சை கேட்பவன் என்று நினைத்து ஒரு நோட்டை நீட்டினார். மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். விளக்கிச் சொல்ல அரபி போதாமல் வாங்கிக்கொண்டேன்.

என் பிழைப்பே சாவிதான். வாடகைக் கார் கம்பெனி ஒன்றில் சாவி அறை என் பொறுப்பு. ஒவ்வொரு காருக்கும் இரண்டு சாவி. ஓட்டும் சாவி எண் போட்ட கொக்கியில் தொங்கும்; மாற்றுச் சாவி வேறொரு கட்டடத்தில், இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். மாற்றுச் சாவி வண்டி நிற்கும் இடத்தில் இருக்கக் கூடாது, ஆனால் கேட்டால் அரை மணி நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பது இங்கே சட்டம். இத்தனை வருடத்தில் ஒரு நாள் கூட நான் அதில் தவறியதில்லை. அந்தச் சட்டத்தின் முதல் பாதியை மட்டும் ஊருக்கு எடுத்துப்போனேன். பின்பாதியை இங்கேயே விட்டுவிட்டேன்.

ஊர் திருப்பாலைக்குடி. என் அத்தா, அதாவது அப்பா, தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாக இருந்தவர். ஒரு தோணியும் அதன் ஆட்களும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கடல் கடந்தவர்கள். வயதான காலத்தில் அவருக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்தது. ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர், அடுத்த முறை வலி வந்தால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த லீவில் பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினேன். அது அத்தாவின் நெஞ்சுக்காக வாங்கிய வண்டி. அத்தாவுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவன் தங்கச்சி மாப்பிள்ளை காதர். எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார் என்பதால், அவன் அந்த வீட்டிலேயே இருந்தான். என் மனைவி அவள் அம்மா வீட்டில். ஆக, வண்டி என் பெயரில், வீடு தங்கச்சிக்கு, நான் ஷார்ஜாவில்.

ஒருமுறை காதர் கூட்டாளிகளோடு தனுஷ்கோடிக்குப் போய், கடல் நீர் ஏறிய மணலில் வண்டியை நிறுத்திவிட்டான். நான் லீவில் வந்தபோது அடிப்பகுதியில் உப்புப் பூத்துத் துரு பிடித்திருந்தது. அன்று முற்றத்தில் நின்று நான் கத்திய கத்து தெருவுக்கே கேட்டது. "இது அத்தா உசுருக்கு வாங்குன வண்டி மாப்ள, ஊர் சுத்துறதுக்கு இல்ல" என்றேன். அதோடு விட்டேனா? ஒரு சாவியை அத்தாவின் சட்டைப் பையில் போட்டு, அவரைக் கேட்டுத்தான் காதர் வண்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மற்றதை என்னோடு விமானத்தில் கொண்டுவந்துவிட்டேன்.

இது எனக்கு மட்டும் உள்ள கிறுக்கு இல்லை. என் அறையில் எங்கள் பக்கத்து ஆட்கள் நான்கு பேர். ஒருவர் பெட்டியில் ஊர் பீரோவின் சாவி இருக்கிறது, இன்னொருவரிடம் மாடி அறைச் சாவி. சாமானை அங்கே விட்டுவிட்டுச் சாவியை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். இதைப் படிக்கிற வளைகுடாக்காரர்கள் தங்கள் பெட்டிகளையும் ஒருமுறை கிளறிப் பார்க்கலாம். என் சாவிக் கொத்தைப் பார்த்த மேனேஜர், ஓர் அரபி, "இது நம் வண்டி இல்லையே" என்றார். என் வண்டி, ஊரில் நிற்கிறது என்றேன். "வண்டி இந்தியாவில், சாவி இங்கே. மாஷா அல்லாஹ்" என்று சொல்லிச் சிரித்தார். என் முன்யோசனையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் கூடச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வீட்டுக்குப் பேசுவேன். சலாம், உடம்பு, மாத்திரை, அப்புறம் சாவி. "சாவி எங்க இருக்கு, அத்தா?" என்பேன். "இருக்குப்பா, பையிலதான் இருக்கு" என்பார். யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாத அந்தத் தண்டல், ஒரு கார் சாவிக்காக வாரா வாரம் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கூட இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு நாள் காலை வேலையில் இருக்கும்போது காதரின் போன் வந்தது. "மாமா மவுத்தாப் போயிட்டாக மச்சான்" என்றான். நான் அழுவதற்கு முன் கேட்டது, "எத்தனை மணிக்கு வண்டியில ஏத்துன?" அதற்கு அவன், "வாங்க மச்சான், நேர்ல பேசிக்கலாம்" என்றான்.

அன்று மாலை அஸர் தொழுகையோடு அடக்கம் முடிந்துவிட்டது. நான் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். கபுரின் ஈர மண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் கார் நின்றது. டிரைவர் பக்கக் கண்ணாடி இல்லை. பிளாஸ்டிக் சாக்கை ஒட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே இருக்கையெல்லாம் கண்ணாடித் தூள்.

காதர் தரையைப் பார்த்தபடி சொன்னான். "சாவி தொலைஞ்சு மூணு வாரம் ஆச்சு மச்சான். கரையில மீன் வாங்கக் குனிஞ்சப்ப பையில இருந்து தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. ரெண்டு நாளு துழாவுனோம். அன்னைக்குக் காலையில மாமா நெஞ்சைப் பிடிச்சதும் எனக்கு ஒண்ணும் ஓடல. கல்லெடுத்துக் கண்ணாடிய ஒடைச்சுட்டேன். மாமாவப் பின்னாடி படுக்க வச்சு, ஸ்டியரிங்குக்குக் கீழ வயர இழுத்து இழுத்துப் பாத்தேன். வண்டி அசையல."

அசையாது. சாவியின் தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அது பக்கத்தில் இல்லாவிட்டால் எந்த வயரை இழுத்தாலும் இன்ஜின் கேட்காது. இதைச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, வாசலில்தான் கார் நிற்கிறதே. கடைசியில் மீன் ஏற்றும் வேனைப் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். தேவிபட்டினம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னு அத்தா எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாக. புதுச் சாவி போடலாம்னாலும் வண்டி ஒன் பேர்ல இருக்கு, ஒன்னையத்தான் கேக்கணும்னு கார் கம்பெனியில சொல்லிட்டாக. போன்ல சொன்னா கத்துவான், லீவுக்கு வாரப்ப நேர்ல சொல்லிக்கிறேன்னாக."

அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் அவர் "இருக்குப்பா" என்றுதான் சொன்னார். அந்த மாதம்தான் எங்கள் அறை ஆள் ஒருவர் தொண்டிக்கு லீவில் போனார். அவரிடம் அத்தாவுக்குப் பேரீச்சம்பழமும் வலித் தைலமும் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் சாவி அந்தப் பொட்டலத்திலேயே போயிருக்கும். கடலில் எத்தனையோ புயல்களைக் கண்ட மனிதர் என் சத்தத்துக்குப் பயந்து செத்துப்போனார். விதி என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை.

கிளம்புவதற்கு முன் கண்ணாடி மாற்றி, புதுச் சாவி ஒன்றும் போட்டு வாங்கினேன். அதையும், ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்திருந்த சாவியையும் காதரிடம் நீட்டினேன். அவன் கையை நீட்டவே இல்லை. "வேணாம் மச்சான். அம்மாகிட்டயே குடுங்க. மறுபடி தொலைஞ்சா என்னால பதில் சொல்ல முடியாது" என்றான். தங்கச்சியும் வாங்கவில்லை. அம்மாதான் வாங்கி, ஆணியில் மாட்டினார்.

இப்போதும் வெள்ளிக்கிழமை பேசுகிறேன், வீடியோவில். சாவி என்ற சொல்லை நான் எடுப்பதில்லை. ஆனால் என் சலாம் முடியும் முன்பே அம்மா எழுந்து போய்விடுகிறார். திரும்பி வந்து இரண்டு சாவியையும் கேமராவுக்கு நேரே பிடிக்கிறார். "ரெண்டும் இருக்குப்பா, பாத்துக்க." போன் முழுக்கச் சாவிதான் தெரிகிறது, அவர் முகம் அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. "அதக் கீழ வைங்கம்மா, ஒங்க மூஞ்சியக் காட்டுங்க" என்கிறேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து, சாவியை இன்னும் கிட்டே கொண்டுவருகிறார்.