விட்டுப்போன வரி

அச்சகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முப்பது வருடமாகப் புரூப் திருத்துகிறவர். ஒற்றைப் புள்ளிகூட அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. போதாக்குறைக்கு, பைபிளை மூலத்தில் வாசிக்கிறேன் என்று நாற்பது வயதுக்குமேல் தானாகவே கிரேக்கம் வேறு படித்தார். படித்தவர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா?

சபைப் போதகர் பிரசங்கத்தில் அடிக்கடி கிரேக்க வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்வார். பூதக்கண்ணாடி பின்வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தார். பதினோரு பிழை சேர்ந்ததும் சபை மாத இதழில் கட்டுரை எழுதி மனுஷனைக் கிழித்துத் தொங்கவிட்டார். பதினொன்றும் உண்மைதான். ஆனால் போதகர் ஒவ்வொரு முறையும், "எனக்குக் கிரேக்கம் தெரியாது, புத்தகத்துல படிச்சதைச் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த வரி கட்டுரையில் இல்லை. மறதியால் அல்ல. சேர்த்தால் காரம் குறைந்துவிடும் என்றுதான் விட்டார்.

"ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்காரு. நேர்ல போய்ச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு போதகர் எழுதி வைத்ததை வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து மனைவி படுத்த படுக்கையானாள். கடைசி வாரத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள். "என் அடக்கத்துல அவரு முன்ன மாதிரி பேசணுங்க. என்னைப் பத்தி நாலு வார்த்தை." சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். அவருக்கு அழுகை வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. போதகர் வீட்டுக்கு நடந்தார். செருப்பை இடம் மாற்றிப் போட்டிருந்தது பாதி வழியில் தெரிந்தது, அப்படியே போனார்.

போதகர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது; சற்று முன் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்.

"பிழை இருந்தா சொல்லுங்கய்யா, திருத்திடலாம்."

பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்துவிட்டார். வசனங்கள், பிறந்த தேதி, இறந்த தேதி. சனிக்கிழமைதோறும் சபை நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டவள் அதில் இல்லை.

"அவளைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு உறுதியாத் தெரிஞ்சதை மட்டும்தான் எழுதியிருக்கேன்." குரலில் குத்தல் இருந்திருந்தால் தேவலை. இல்லை.

"அந்த ஒரு வரியை நான் வேணும்னேதான் விட்டேன்" என்றார் பூதக்கண்ணாடி.

"தெரியும்யா."

அவள் கேட்டதைச் சொன்னார். போதகர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "முயற்சி பண்றேன். வருமான்னு தெரியல."

மறுநாள் குழியருகே போதகர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாயைத் திறந்தார். பின்வரிசையில் நின்ற பூதக்கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். தாளை மறுபடி வெளியே எடுத்துப் பிரித்தார்.

நான்கு நிமிடம் வாசித்தார். ஒரு பிழையும் இல்லை.