நறுக்கிய ஓரம்

மாட்டுப் படத்துக்குப் பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள் என்பதே மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சாமி இல்லை, கோபுரம் இல்லை; மரத்தடியில் மூன்று மாடு, நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் மேய்ப்பன். ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவர் அதை எங்கள் பிரேம் கடைக்குக் கொண்டுவந்தார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் டச்சுக்காரர் ஒருவர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் அழுத்தி எடுத்ததாம். தாளின் ஓரத்தை விரலால் தடவித் தடவி மலாயில் இன்னும் ஏதேதோ சொன்னார். புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் உங்களுக்கு இந்தத் தலையாட்டலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புரியவில்லை என்றால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

விருதுநகரில் பதினொரு வருஷம் காலண்டர் முருகனுக்கும் லட்சுமிக்கும் பிரேம் போட்டவன் நான். அங்கே வெள்ளை ஓரத்தை நறுக்குவதுதான் முதல் வேலை. கொஞ்சம் விட்டாலும், "என்னண்ணே, அரைகுறையா விட்டுட்டீங்க?" என்பார்கள். அதே கைப்பழக்கத்தில் இந்த மாட்டுப் படத்தின் இடது ஓரத்தையும் நறுக்கிவிட்டேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழரான முதலாளி எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அலமாக்! தகடு அழுத்துன தடம் அந்த ஓரத்துலதான் இருக்கு. ஒரிஜினல்னு சொல்றதுக்கு அதான் சாட்சி. டீச்சர் வரட்டும், நீயே பேசிக்க. அதுக்கப்புறம் உன் பெர்மிட்ட பாக்கலாம்."

அந்த மாதக் கடைசியில் என் வேலை பெர்மிட் முடிய இருந்தது. அவர் கையெழுத்து இல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். நறுக்கிய துண்டைக் குப்பையில் போட மனம் வராமல் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். போனில் மனைவி, "குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். மழை என்றேன்.

மூன்றாம் நாள் ஆசிரியை வந்தார். இம்முறை நான் தலையாட்டவில்லை. என் ஓட்டை மலாயில், நான்தான் வெட்டினேன், அன்று நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். அவர் படத்தை எடுத்து, வெட்டிய ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, துண்டு எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பக்கத்திலேயே வைத்துக் கண்ணாடி போடு, ஒட்டாதே என்றார். அன்றே அப்படிச் செய்து முடித்தேன்.

"தப்பிச்சிட்ட லா நீ" என்று முதலாளி கையெழுத்துப் போட்டார்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். "இன்னும் ஒரு வருஷம் கிடைச்சிருக்கு!"

"கிடைச்சிருக்கா? அப்ப இந்த வருஷமும் வரமாட்டீங்க" என்றாள் மனைவி.

மேசைமேல் இருந்த கண்ணாடியைத் துடைத்தேன். ஒரே பிரேமுக்குள் படமும் துண்டும், நடுவே ஒரு மயிரிழை இடைவெளி.