பாவடியில் ஊட்டிய சோறு

சென்னியப்பன் சாப்பிடுவதற்காகத் தறியை விட்டு எழுந்திருப்பதில்லை. கால்கள் இரண்டும் தறிக்குழிக்குள் மிதிகட்டைமேல் கிடக்க, வட்டிலைப் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பஞ்சோற்றை உருட்டி வாயில் போட்டபடியே மறு கையால் அறுந்த இழையைத் தேடுவார். மோர் நெய்த துணியில் சிந்திவிடக்கூடாது என்று உடம்பை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வார். வருஷக்கணக்காகச் சாய்ந்ததில் அந்தச் சாய்வு உடம்போடு ஒட்டிப்போய்விட்டது. தெருவில் நடக்கும்போதும் இடப்பக்கம் சாய்ந்தே நடக்கிறார்.

குமாரபாளையத்தில் காவிரியை ஒட்டிய மேலத் தெருவில் அவர் வீடு. வயதைக் கேட்டால், "தாது வருசத்துப் பஞ்சத்துக்குப் பொறகு பொறந்தவனுங்க" என்பார். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். முப்பத்தைந்துக்கு மேல் இராது என்பது என் கணக்கு.

எந்தப் பொருளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் அவர் ஒரு முடிவுக்கு வருவதில்லை. வெற்றிலை, கருப்பட்டி, சந்தையில் வாங்கும் புளி, எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான். கூட்டங்களுக்கு ஆள் சேர்க்க அந்தத் தெருவுக்கு அடிக்கடி போகிற நான், ஒருமுறை பொதுக்கூட்டத்து நோட்டீஸ் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "காயிதம் நல்லா இருக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்தப் பழக்கம் கஞ்சிப் பானையிலிருந்து வந்தது. நெசவூர்களில் பாவடி என்று ஒரு திறந்த வெளி உண்டு. தறியில் நெடுக ஓடும் பாவு நூலை விடியற்காலையில் அங்கே நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, பெரிய நார்த் தூரிகையால் இழை இழையாக நீவிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும். பூசிய கஞ்சி நீவாமல் காய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாவு முழுவதும் பாழாகும். ஒருவராலோ இருவராலோ ஆகிற வேலையில்லை. இன்றைக்கு என் பாவுக்கு நீ வா, நாளைக்கு உன் பாவுக்கு நான் வருகிறேன் என்பது ஏற்பாடு. கஞ்சியின் பதம் பார்க்க மேலத் தெருவில் எல்லோரும் சென்னியப்பனைத்தான் கூப்பிடுவார்கள். விரலில் தொட்டு, இழுத்து, "இன்னொரு கொதி வரட்டும் சாமி" என்பார்.

அவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் சாரதாமணி. அவளைப் பற்றிச் சொல்லுமுன் இரண்டு பூட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

சென்னியப்பனின் பங்காளிகள் மேலத் தெருவிலும் கீழத் தெருவிலுமாகப் பிரிந்து வாழ்கிறார்கள். இரு தெருவுக்கும் குலதெய்வம் ஒன்றே. அந்த அம்மன் முன்னால் பொங்கல் வைத்து, அதில் ஒரு பருக்கையைக் குழந்தையின் நாக்கில் வைத்த பிறகுதான் வீட்டில் சோறு ஊட்டலாம் என்பது அவர்கள் வழக்கம். அதுவரை தாய்ப்பால் மட்டுமே. முன்பெல்லாம் பல் முளைக்கும் பருவத்தில் வண்டி கட்டிக்கொண்டு போய் வந்துவிடுவார்களாம். போன திருவிழாவில் முதல் திருநீறு எந்தத் தெருவுக்கு என்று சண்டை வந்தது. கோயில் கதவுக்கு மேலத் தெரு ஒரு பூட்டுப் போட்டது. அதன் மேல் கீழத் தெரு ஒரு பூட்டுப் போட்டது. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. இரண்டு தரப்பு வக்கீல் வீட்டுக் குழந்தைகளும் நெய்ச்சோறு தின்று கொழுத்திருக்கின்றன. இந்த இரண்டு தெருக்களில் பிறந்த குழந்தைகள் மட்டும் வாய்தா தேதிக்காகப் பசியோடு காத்திருக்கவேண்டும். மேட்டூரில் காவிரியையே மறித்து அணை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே இரண்டு பூட்டைத் திறக்க ஓர் ஆண்பிள்ளை இல்லை.

இதில் எவர் கண்ணிலும் படாதவள் தாய். சென்னியப்பன் மனைவி கமலவேணி பகலெல்லாம் ராட்டையில் உட்கார்ந்து குறுக்கிழை நூலைத் தாராகச் சுற்றுகிறாள். வீட்டில் எல்லோரும் தின்றபின் மிஞ்சியதைத் தின்கிறாள். பெண்ணுக்கு வயது ஒன்றை நெருங்கியும் தாய்ப்பாலைத் தவிர வேறு ஆகாரம் இல்லை. வலக்கை ராட்டையைச் சுற்ற, இடக்கையில் பிள்ளை கிடந்து சப்பும், பால் போதாமல் அழும், மறுபடி சப்பும். சம்பிரதாயத்தைக் காப்பாற்றும் பொறுப்பை ஆண்கள் ஏற்றார்கள், அதற்கு வேண்டிய இரத்தத்தை அவள் கொடுத்தாள்.

சாரதாமணி தவழ்ந்து வந்து குழியின் விளிம்பில் உட்காருவாள். அப்பன் குனிந்து உண்ணும்போது இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும். அவர் கை வட்டிலுக்குப் போனால் அவள் கண்ணும் போகும். கை வாய்க்கு வந்தால் கண்ணும் வரும். அவர் மென்றால் அவள் ஈறும் மெல்லும். குழந்தைக்குச் சோறூட்ட இதைவிட நல்ல நாளை எந்தப் பஞ்சாங்கம் குறித்துக் கொடுக்கப்போகிறது?

ஒரு நாள் அவள் தொடையை விரலிடுக்கில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தவர், கையிலிருந்த கவளத்தை வட்டிலில் போட்டுவிட்டார். அதைப் பிறகு என்னிடம் சொன்னார். "கஞ்சி குடிக்காத நூலாட்டம் இருக்குதுங்க. தொட்டா நழுவுது. நூலுக்கு ஊத்தறோம், கொடம் கொடமா ஊத்தறோம். என்ற புள்ளைக்கு ஊத்தறதுக்குக் கோர்ட்டுல கேக்கோணுமாங்க?"

கமலவேணி துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, தறியை விட்டு எழுந்து அடுப்பை மூட்டினார். அவருக்குத் தெரிந்த கஞ்சி ஒன்றுதான். நொய்யைக் குழையக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, விரலில் தொட்டு இழுத்து, கம்பிப் பதம் வந்ததும் இறக்கினார். ஆறவைத்துப் பெண்ணின் வாயில் ஒரு விரல் வைத்தார். பாவுக்கு முதல் தரமான கஞ்சி அது. சாரதாமணியின் உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. அழவும் வாயைத் திறக்க முடியாமல் அவள் கண்ணை அகல விரித்து அப்பனைப் பார்த்திருக்கும்போது கமலவேணி ஈரத்துணியோடு உள்ளே வந்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்குப் பாவு போடறீங்களா?" என்றாளாம்.

பயப்படவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈர முந்தானையால் துடைத்துவிட்டபின் பெண் நாக்கை நீட்டி உதட்டை நக்கினாள். இன்னும் வேண்டும் என்று அப்பன் விரலை இழுத்தாள். கமலவேணி உலை வைத்தாள். சோற்றைக் குழைய வேகவிட்டுப் பருப்புத் தண்ணீர் விட்டு மசித்து, துளி உப்புப் போட்டு ஊட்டினாள். முதலில் கொஞ்சம், இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம். பாலையும் நிறுத்தவில்லை. சாமி வந்து கண்ணைக் குத்தவில்லை. வயிறும் கெடவில்லை. தொடையில் சதை பிடித்தது.

ஆனால் எல்லாம் சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்தது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் கமலவேணி கிண்ணத்தைத் தார்க்கூடைக்கு அடியில் தள்ளுவாள். பிள்ளை பாதி வாயில் திகைத்துப்போய்க் கூடையையே பார்த்துக்கொண்டிருக்கும். இது சென்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை. "திருடித் திங்கறதுக்கு என்ற புள்ளை என்ன பூனையாங்க?" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார்.

ரகசியம் வெளியானது ஒரு பருக்கையால். சாரதாமணியின் சட்டையில் காய்ந்து ஒட்டியிருந்ததை மேலத் தெருப் பெரியதனக்காரர் குமாரசாமி பார்த்துவிட்டார். சென்னியப்பனுக்குப் பெரியப்பா முறை. ஆள் கெட்டவரல்ல, யார் வீட்டுச் சாவானாலும் முதலில் வந்து நிற்கிறவர். கோயிலின் முதல் பூட்டுச் சாவி அவர் அரைஞாணில்தான் தொங்குகிறது. அவர் வீட்டிலேயே மருமகள் முத்தாயம்மாளின் பையன் சாரதாமணியைப் போலவே பால் போதாமல் இரவெல்லாம் அழுகிறான் என்பது தெருவுக்கே தெரியும். அவருக்கும் தெரியும்.

சென்னியப்பன் வீட்டு வாசலில் நின்று அவர் நயமாகத்தான் பேசினார். தீர்ப்பு வரட்டும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இரு, இல்லாவிட்டால் உன் பாவைத் தொட ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். அந்தத் தெருவில் இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பாவு இல்லாவிட்டால் தறி இல்லை. தறி இல்லாவிட்டால் அடுப்பு இல்லை.

சென்னியப்பன் குழிக்குள் உட்கார்ந்தபடியே கேட்டார். "சாமி கோவிச்சுக்குமுன்னு சொல்றீங்களே பெரீப்பா. உள்ள வெச்சுப் பூட்டுனது நாமளா, புள்ளையா?"

"எதுத்துப் பேசறியாப்பா?"

"இல்லீங்க. தெரிஞ்சுக்கலாமுன்னு கேட்டேன்."

குமாரசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அடுத்த பாவு போடும் நாள் வந்தது. மாசி மாதம், பனி விலகாத விடியல். கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டியது போதும் என்று முடிவு செய்துவிட்டார் சென்னியப்பன். நூல், கஞ்சிக் குடம், தூரிகை இவற்றோடு பெண்ணையும் அவளுடைய சோற்றுக் கிண்ணத்தையும் பாவடிக்கு எடுத்து வந்தார். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பாவை இழுத்துக் கட்டினார்கள். வழக்கமாகத் தூரிகை பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வந்து, வேப்ப மரத்தடியில் குமாரசாமியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் கிட்டப் போனேன். "நீங்க தொட்டா இருக்கற இழையும் அந்துபோகுமுங்க" என்று சென்னியப்பன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அது உண்மைதான்.

அவர் கஞ்சி பூசிக்கொண்டு போக, பின்னால் கமலவேணி நீவிக்கொண்டு வந்தாள். பாவின் பாதியைக் கூட எட்டவில்லை. கிழக்கே வெளுத்துச் சூரியன் தலைகாட்டிவிட்டது. பூசிய இடம் வெள்ளையாக விறைக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துச் சாரதாமணி பசித்து அழுதாள். கமலவேணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பிள்ளையைக் கவனித்தால் பாவு போய்விடும். பாவைக் கவனித்தால் பிள்ளை அழும். இன்னும் கொஞ்ச நேரம் அழுதால் செத்துவிடாது என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது.

சென்னியப்பன் கஞ்சிக் குடத்தைக் கீழே வைத்தார். கையைக் கழுவித் துண்டில் துடைத்தார். எல்லோரும் பார்க்க, வெட்டவெளியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெண்ணை மடியில் இருத்திக் கிண்ணத்தைத் திறந்தார். பருப்புச் சோற்றை விரலால் இன்னும் மசித்து ஒரு வாய் கொடுத்தார். அழுகை நின்றது. வெயில் பாவின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. கமலவேணி ஒற்றை ஆளாக நீவிக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்படாமல் அடுத்த வாயை மசித்தார்.

மரத்தடியிலிருந்து முத்தாயம்மாள் புறப்பட்டாள். இடுப்பில் பையன். மாமனார் "ஏம்மா" என்று ஒரு குரல் கொடுத்தார். அவள் திரும்பவில்லை. நேராக வந்து, பையனை இறக்கிச் சென்னியப்பனின் மற்றொரு தொடையில் உட்காரவைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கீழே கிடந்த தூரிகையை எடுத்துக் காயத் தொடங்கிய இடத்தில் கமலவேணிக்கு எதிர்ப்பக்கம் நின்று நீவ ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் அவள் புருஷன் மரத்தடியை விட்டு நகர்ந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள். குமாரசாமி அரைஞாணில் தொங்கிய சாவியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

சென்னியப்பன் எதற்கும் நிமிரவில்லை. புதிதாக வந்த பையன் உதட்டை இறுக மூடிக்கொண்டு, இது என்ன என்பதுபோல் அவர் விரலையே பார்த்தான். சென்னியப்பன் ஒரு பருக்கையை நன்றாக மசித்து அவன் உதட்டருகே கொண்டுபோய், தன் வாயை ஆவென்று அகலத் திறந்து காட்டினார்.