தேட ஆளில்லாதவர்

சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் திட்டத்துக்காக, விருதுநகரில் நான் வேலை பார்த்த சிறிய அறக்கட்டளைக்கு ஒரு மானியம் வந்தது. சேர்ந்த வேலையில் ஆள் ஆறு மாதமாவது நிலைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியது நான். வருடம் பாதி தாண்டியும் ஒருவர்கூட நிலைக்கவில்லை. இப்படியே போனால் அடுத்த வருடம் மானியம் கிடையாது என்று எங்கள் செயலாளர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த மனிதர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொலை வழக்கில் பதினோரு ஆண்டுகள் உள்ளே இருந்தவர். மனைவி எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. அண்ணன் வீட்டில் கதவே திறக்கவில்லை. சிறையில் பைண்டிங் கற்றிருந்ததால் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். மூன்று வாரம்தான்.

"வேலைல குறை சொல்ல மாட்டேன். ஆனா அவரு இருந்தா வரமாட்டோம்னு பொம்பளையாளுக சொல்றாக" என்றார் மேனேஜர்.

மறுநாளே ஒரு ஏஜென்ட் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். அவருக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு வேலை இருக்கிறது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்றான்.

"ஜெயில்ல இருந்தவருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதான்க்கா வந்திருக்கேன்."

கம்பெனியின் பெயரைக் கேட்டேன். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றான். ஆனாலும் அனுப்பினேன். அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே 'பணியில் உள்ளார்' என்று எழுதியபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். கருவேலங்காட்டுக்கு முன்னால் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார். "இதுக்கு மேல வராதுக்கா. நான் ரோட்டுல நிக்கேன்." பாதை நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை இல்லை. நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாத இடத்தில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். உச்சி வெயிலில் சாக்கு விரித்து மருந்து காயப்போட்டிருந்தது. அத்தனை பேர் இருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை. அவர் எழுந்து வந்தார். முழங்கை வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி.

"எப்படி இருக்கீக?"

"இருக்கேன்க்கா." திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்கன ஒருத்தருக்கும் போன் வராதுக்கா. வந்த நாள்லருந்து பாக்குறேன். வெளியூர்க்காரன், வீட்ட விட்டு வந்தவன், குடும்பம் அத்துப்போனவன். ஏதாவது ஆனா கேக்க ஆளு இல்லாதவனாப் பாத்துச் சேத்திருக்காக."

"என்கூட வந்துருங்க."

"வந்து எங்கன இருக்க?"

ரெண்டு நாள் பொறுங்க, இடம் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வரும்போது காட்டோரம் ஏஜென்ட் நின்றிருந்தான். "இன்னும் ரெண்டு ஆளு கெடைக்குமாக்கா? வீட்டுல தேடாத ஆளா இருந்தா நல்லது." கடையில் டீ சொல்கிற குரலில் கேட்டான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாளைக்கே சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குப் போயி மனு குடுக்கேன், பாரு" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "சரிக்கா. பாத்துப் போங்க."

மறுநாள் காலையில் சொன்னபடியே மனுக் கொடுத்தேன். மதியமே அதிகாரிகள் கிளம்பினார்கள். வழி காட்ட நானும் போனேன். கொட்டகை நின்ற இடத்தில் ஒரு தகரம்கூட இல்லை. மண்ணில் வெள்ளிப் பொடி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "விடியுமுன்னயே லாரில ஏத்திட்டாக. ஆளுகளையும் சேத்துத்தான்." எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் மனுக் கொடுத்தது தப்பில்லை. அவனிடம் சொல்லிவிட்டுக் கொடுத்ததுதான் தப்பு. என் வீறாப்புக்கு அந்த மனிதரை விலையாகக் கொடுத்துவிட்டேன்.

அறிக்கையிலிருந்து பெயரை எடுக்கப்போனபோது செயலாளர் தடுத்தார். "அவரு வேலைல இல்லைன்னு நமக்கு நிச்சயமாத் தெரியுமா?" நான் பெயரை அடித்துவிட்டு, அந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுகொண்டேன்.

எங்காவது பட்டாசு விபத்து என்று செய்தி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சொந்தமா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். அடையாளம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். இதுவரை அவர் இல்லை. போன தடவை, பெயர் தெரியாத ஒருவரை முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள்.