மீனை விட்டேன், கிழங்கை விடவில்லை

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு என் பிள்ளைகள், ஒன்று இறந்துபோன தங்கச்சியுடையது.

வலி என்று ஒன்றும் இல்லை. மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை இறங்காததால் நாகர்கோவிலில் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு படிவது) என்றார் டாக்டர். என் பேத்திகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

"என் வாயில ஒரு சொட்டு கள்ளு பட்டதில்ல மோளே. ரிப்போர்ட்டு மாறிப்போச்சு."

"குடிக்காதவங்களுக்கும் வரும்மா."

அதற்குமேல் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. கொழுப்புதானே என்று தேங்காயையும் சாளை மீனையும் விட்டேன். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அவித்து, காந்தாரி மிளகாய் தொட்டுத் தின்றேன். எண்ணெய் இல்லாத தீனி என்று எனக்குப் பெருமை.

மூன்று மாதத்தில் சர்க்கரை இன்னும் ஏறியது. கல்லீரல் இறுகத் தொடங்கியிருந்தது. இப்படியே போனால் இன்சுலின் ஊசி என்றார் டாக்டர். ஊசிக்காக தினமும் மருமகளிடம் கை நீட்டுவதை நினைத்தேன், பயமாக இருந்தது.

"என்னம்மா சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் திங்கல்ல."

மருமகள் ஸ்டெல்லா சும்மா இருக்கவில்லை. "ஆமா டாக்டர், மாமி ஒண்ணும் திங்கல்ல. காலம்பற ஒரு சட்டி கிழங்கு, மத்தியானம் ஒரு சட்டி கிழங்கு. அது கணக்கில சேராதுல்லா!"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும். கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினுக்கு (சர்க்கரையை அடக்கும் சுரப்பு) அடங்காது. வெறும் வயிற்றிலும் ரத்தத்தில் சர்க்கரையை விடும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். இந்தமுறை காது கொடுத்துக் கேட்டேன்.

பஸ் தக்கலை தாண்டியது. பிறகு ஸ்டெல்லாவிடம் நானே கேட்டேன்.

"கிழங்கு எத்தன துண்டு திங்கலாம்னு டாக்டரு சொன்னா?"

"ரெண்டு, மாமி."

"பெருசாட்டி?"

"செறுசு."

மீன் தட்டுக்குத் திரும்பி வந்தது. சோறு பாதியானது. சாயங்காலம் நடந்தேன். மாத்திரையை விடவில்லை. எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது, சர்க்கரை இறங்கியது, இறுக்கம் கூடவில்லை. ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

உடம்பு என்றால் முதுகும் கையும்தான் என்று இருந்தேன். வலிக்காத இடத்துக்கும் இப்போது சோறு அளக்கிறேன். வருஷக் கணக்கு போய்விட்டது. ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை, மூன்று மூன்று மாதமாக வாழ்கிறேன்.

இதை நான் சொல்லச்சொல்ல எழுதிய பேத்தி, ஸ்டெல்லாவின் மகள் ஜெனி கேட்டாள், "அம்மா ஆஸ்பத்திரியில சொன்னதையும் போடணுமா பாட்டி?"

"போடு மக்கா. அவ அதச் சொல்லல்லன்னா எனக்கு ஊசிதான். இனி ஆதியில இருந்து ஒருக்க வாசி. நான் எங்கயாவது மழுப்பியிருந்தா அங்க நிறுத்து."